பியேஹா வீட்டுக் கை

பியேஹா வீட்டு ஆம்பளைகளுக்கு வலது கை இடது கையைவிட ஒரு சுற்றுப் பெரிது. பித்தொம் என்கிற எங்கள் சுரங்க ஊரில் அதை அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. வாங்கிப் பார்த்தவர்கள் உண்டு. எவால்டின் தாத்தா கான்ஸ்தான்தின், நிலத்தடியில் நிலக்கரி வண்டி இழுத்த குதிரை தன் காலை மிதித்துவிட்டதென்று அதன் நெற்றியில் ஒரு குத்து விட்டார். குதிரை முன்னங்கால் மடங்கி உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் குதிரைக்காக அவர் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் மகன் வில்ஹெல்ம் குதிரையோடு நிற்கவில்லை, அழவும் இல்லை. வில்ஹெல்மின் பெண்டாட்டி அக்னெஸ் வெயில் காய்கிற ஜூலையிலும் கழுத்துவரை பொத்தான் போட்டுத்தான் கோயிலுக்கு வருவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பாவத்தில் எங்கள் தெரு முழுவதற்கும் பங்கு உண்டு.

அந்த வில்ஹெல்முக்கும் அக்னெஸுக்கும் கடைசிப் பிள்ளை எவால்ட். நூற்றிருபத்தெட்டு கிலோ. ஹெட்விக் சுரங்கத்தில் பதினேழு வருஷம் கரி வெட்டினான். பெண்டாட்டி உர்ஷுலாமேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. ஆனால் கோபம் வந்தால் கை எங்கேயாவது போய்த்தானே தீர வேண்டும்? ஒரு தடவை படுக்கையறைக் கதவில் போனது. பலகை பிளந்து, தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. மறுநாள் அவன் புதுக் கதவு வாங்கக் கிளம்பியபோது உர்ஷுலா தடுத்துவிட்டாள்.

"வேண்டாம், இருக்கட்டும். தினம் நீயும் பாரு, நானும் பாக்குறேன். எனக்கும் கதவுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு தெரிஞ்சிக்கிட்டே இருக்கணும்."

உர்ஷுலாவின் அண்ணன் தியோஃபில் கோலோன்கோ. அவனும் கரி வெட்டுகிறவன்தான், எவால்டின் ஜோடி. பூமிக்கடியில் எண்ணூறு மீட்டரில் பதினோரு வருஷம் ஒருத்தன் முதுகை ஒருத்தன் பார்த்துக்கொண்டு வேலை செய்தவர்கள். இடைவேளையில் ஒரே தூக்குக் கிண்ணத்தில் சூப் குடித்தவர்கள். தங்கச்சியை அவனுக்குக் கட்டிக் கொடுத்ததே தியோஃபில்தான். சுரங்கத்தை மூடியதும் எவால்ட் மாடு அறுக்கும் கூடத்தில் பாதி மாட்டைத் தோளில் ஏற்றிக் கொக்கியில் மாட்டுகிற வேலைக்குப் போனான். தியோஃபில் பழைய இரும்புக் கிடங்குக்குப் போனான்.

தியோஃபில் மகளுக்கு கோயிலில் முதல் நற்கருணைச் சடங்கு நடந்த மே மாத ஞாயிறு. சொந்தம் எல்லாம் கூடி, மாட்டிறைச்சிச் சுருளும் குழி போட்ட உருளைக்கிழங்கு உருண்டையும் சிவப்பு முட்டைக்கோஸும் மேஜை நிறைய. இரண்டு கோப்பை உள்ளே போனதும் தியோஃபிலுக்கு நாக்கு நீண்டது. அந்தக் கதவைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

"எவால்ட் மச்சான், உங்கப்பன் மாதிரியே சுருளை அறுக்கிறியே! அதே கை, அதே கத்திப் பிடி. எங்க வீட்டுப் பொண்ணையும் இனி கழுத்து மூடின சட்டை போடச் சொல்லட்டுமா?"

உர்ஷுலா "எவால்ட்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குள் கை போய்விட்டது. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. மூன்று பல் குழம்புக் கிண்ணத்தில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் வெள்ளை உடுப்பில், கழுத்திலிருந்து இடுப்புவரை ரத்தம் தெறித்தது. அந்தப் பிள்ளை அழவில்லை, உடுப்பைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. எவால்ட் அதற்கப்புறம் எத்தனை ரத்தமோ பார்த்துவிட்டான். கண்ணை மூடினால் வருவது அந்த உடுப்புதான்.

கோர்ட்டில் ஒரு வருஷம் தண்டனை. மூன்று வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் யாரையாவது அடித்தால் அந்த ஒரு வருஷத்தை உள்ளே போய்க் கழிக்க வேண்டும். தியோஃபில் தாடையில் தகடு வைத்துக்கொண்டு வீடு திரும்பினான். மச்சானும் மச்சானும் பேச்சை அறுத்துக்கொண்டார்கள். உர்ஷுலா சத்தம் போடவில்லை, மூட்டை கட்டவில்லை. ஒன்றுதான் சொன்னாள்.

"இன்னொரு தடவை ஒரு மனுஷன் மேல இந்தக் கை விழுந்துச்சுன்னா, நீ ஜெயிலுக்குப் போகணும்னு இல்ல எவால்ட். நீ வாசல் வர்றதுக்கு முன்னாடியே நான் போயிருப்பேன்."

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அவன் கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தான்.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு அமெரிக்கக் கால்பந்து அணி வந்தது. பேர்தான் கால்பந்து, காலுக்கு அதில் பெரிய வேலை கிடையாது. ஐரோப்பிய லீக்கில் ஓர் இடம் காலியாகி, அதை நம் ஊர்ப் பணக்காரர் ஒருவர் பிடித்துவிட்டார். அணிக்கு ஸ்கார்ப்னிக் என்று பேர் வைத்தார்கள், சுரங்கத்துக்குள் விளக்கோடு நடமாடுகிறதாகச் சொல்லும் கிழட்டு பூதத்தின் பேர். பேர் வைத்த புண்ணியவானுக்கு அந்த பூதத்துக்கு விசில் சத்தம் ஆகாது என்பது மறந்துபோயிருக்கும். நிலத்தடியில் விசிலடித்தால் கூரை இறங்கும் என்று எங்கள் ஆட்கள் சாகிறவரை விசிலடிக்க மாட்டார்கள். இந்த ஆட்டமோ விசிலில்தான் நடக்கிறது.

வெளிநாட்டு ஆட்களை நாலு பேருக்குமேல் எடுக்கக் கூடாதென்று லீக்கில் சட்டம். மற்றதெல்லாம் உள்ளூர் உடம்பு. ஜனவரி மாதப் பனியில் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். எவால்ட் போனான். மைதானத்தின் மறு கோடியில் தியோஃபிலும் நின்றான். முதலில் திரும்பிப் போகிறவன் தோற்றவன் என்று இருவருக்கும் தெரியும். அதனால் இரண்டு பேரும் போகவில்லை.

கோச் பேர் லானி ட்ரூயக்ஸ். அமெரிக்கர். ஒபோலே பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு எட்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறார், எங்கள் பேச்சை அரைகுறையாகப் பேசுவார். சொந்தம், பகை எதுவும் அவருக்குத் தெரியாது. எடையைப் பார்த்தார், அவ்வளவுதான். முன்வரிசையில் ஐந்து தடியன்கள் நிற்க வேண்டும். நடுவில் நிற்பவன் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பான். பின்னால் நிற்கிற குவார்ட்டர்பேக் அதை வாங்கி எறிவான். எறிகிறவரை அவனை எவனும் தொடாமல் அந்த ஐந்து பேரும் மறித்து நிற்க வேண்டும். கோச் தியோஃபிலை நடுவில் நிறுத்தினார், எவால்டை அவன் இடது பக்கம் நிறுத்தினார்.

"நீ பாறை. இவனும் பாறை. பாறை நகராது. எதிரி வந்தால் அடி. நல்லா அடி. சந்தோஷமா அடி!"

"அடிக்கலாமா கோச்?" என்று கேட்டான் எவால்ட்.

"விசில் வரைக்கும் அடி. விசில் அப்புறம் தொட்டால், நான் உன்னை அடி."

எவால்ட் அதை அப்படியே கொண்டுபோய், தன்னைக் கண்காணிக்கக் கோர்ட் வைத்த நன்னடத்தை அலுவலரிடம் கேட்டான். ஹலினா வ்ஷோஸ் என்ற அந்தம்மா மெல்லிசான உடம்பு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர்.

"விசிலுக்கு முன்னாடி நடக்கிறது ஆட்டம், மிஸ்டர் பியேஹா. அதுல நான் தலையிட மாட்டேன். விசிலுக்கு அப்புறம் நடக்கிறது நீங்க. அது என் ஃபைல்ல ஏறும். நான் எல்லா மேட்ச்சையும் பாப்பேன், எனக்கு வேற பொழுதுபோக்கு கிடையாது."

ஒரு விசில் சத்தத்தின் இந்தப் பக்கம் அவன் குடும்பம், அந்தப் பக்கம் ஜெயில். அப்படித்தான் ஆட்டத்துக்குள் போனான்.

போனவனுக்கு அது சொர்க்கமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைக்கவசம், தோள்கவசம், எதிரே தன்னைப் போலவே ஒரு தடியன். பந்து நகர்ந்த அடுத்த நொடி எலும்போடு எலும்பு மோதுகிற சத்தம். விரல் பிசகும், நகம் பிய்ந்து கையுறைக்குள் மிதக்கும், மூச்சு நின்று நின்று வரும். எழுந்து நின்றால் எதிராளி கை கொடுத்து, "நல்ல அடி!" என்பான். முப்பத்தாறு வயசுவரை அவன் அடித்து ஒருத்தன்கூட அவனுக்கு அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய்ப் புல்லும் ரத்தமும் ஒட்டிய கையை உர்ஷுலா முன்னால் நீட்டினான். அவள் அயோடின் போட்டாள், கட்டுக் கட்டினாள். அந்தக் கையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. நடுவில் நிற்கிறவன்தான் பக்கத்து ஆட்களுக்கு யாரை மறிக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சத்தம் கொடுக்க வேண்டும். தியோஃபில் வலது பக்கத்து ஆளுக்கு வாயால் சொல்லுவான். இடது பக்கத்தில் எவால்ட். அவனோடுதான் பேச்சில்லையே! முதல் பயிற்சியில் இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு விழுந்தார்கள். கோச் தொப்பியைத் தரையில் அடித்தார்.

இரண்டாம் வாரம் தியோஃபில் ஒரு வழி கண்டுபிடித்தான். பந்தைத் தொடுவதற்கு முன்னால் இடது கை முட்டியால் தன் தொடைக்கவசத்தில் தட்டினான். சுரங்கத்துக் கூண்டை மேலே ஏற்றவும் இறக்கவும் மணியில் அடிக்கிற கணக்கு. ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் மேலே. மூன்று என்றால் கீழே. நாலு என்றால் கூண்டில் கரியில்லை, மனுஷன் இருக்கிறான், பார்த்து மெதுவாக. எவால்டுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று தட்டினால் நின்று மறித்தான். இரண்டு என்றால் முன்னால் தள்ளினான். மூன்று என்றால் தாழ்ந்து போய்க் காலை வாரினான். நாலு என்றால் பின்னாலிருந்து இன்னொரு ஆள் பாய்ந்து வருகிறான் என்று புரிந்துகொண்டான். ஐரோப்பா முழுக்க எந்த அணிக்கும் அந்தப் பாஷை பிடிபடவில்லை. மனஸ்தாபத்தில் இருக்கிற இரண்டு மச்சான்மார்கள் பன்னிரண்டு மேட்ச்சும் பேசாமல் பேசியது அப்படித்தான்.

இரண்டாவது மேட்ச்சில் வந்தது அடி. ஹங்கேரிக்காரர்களோடு ஆட்டம். எங்கள் குவார்ட்டர்பேக் ட்ரெவான் மேப்ரி, அமெரிக்காவிலிருந்து வந்த கறுத்த, நெட்டையான, சிரித்த முகத்துப் பையன். அவன் பந்தை வாங்கி எறிய ஆள் தேடுகிறான். அப்போது எங்கள் வரிசையில் எவால்டுக்குப் பக்கத்து, இடது ஓரத்து ஆள் ஹெர்மான் முழங்கால் மடங்கி "அம்மா!" என்று விழுந்தான்.

ஹெட்விக் சுரங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விழுந்து கிடப்பவனைத் தாண்டி எவனும் நடக்கக் கூடாது. கையில் இருப்பதைப் போடு, குனி, அக்குளில் கை கொடு, தூக்கு. யார், என்ன, உயிர் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். புதிதாக வந்த இஞ்சினியர் ஒருவர் அவசரத்தில் ஓர் ஆளைத் தாண்டிப் போய்விட்டார். மறுநாளிலிருந்து அவரோடு ஒரே கூண்டில் இறங்க ஓர் ஆளும் வரவில்லை, அந்த மாதமே ஊரைவிட்டுப் போனார்.

ஹெர்மான் விழுந்ததும் வரிசையில் இருந்த மூன்று பழைய சுரங்கக்காரர்களும் ஒரே நேரத்தில் எதிராளியை விட்டுவிட்டுத் திரும்பிக் குனிந்தார்கள். எவால்டின் கைதான் முதலில் ஹெர்மானின் அக்குளுக்குப் போனது. அவர்கள் விட்ட வழியாக இரண்டு ஹங்கேரிக்காரர்கள் புகுந்து, நின்றுகொண்டிருந்த மேப்ரியை முன்னும் பின்னுமாக மோதினார்கள். காய்ந்த கிளை ஒடிகிற சத்தம். காரை எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெள்ளையாக வெளியே நின்றது. அந்தப் பையன் தன் எலும்பைத் தானே பார்த்துவிட்டு மயங்கினான். பிறகு இந்த ஊரில் அவன் ஒரு மேட்ச்சும் ஆடவில்லை.

"ஏன் திரும்பினே? ஏன்?" கோச் எவால்டின் தலைக்கவசக் கம்பியைப் பிடித்து உலுக்கினார். "ஆள் விழுந்தால் விடு! செத்தாலும் விடு! விசில் வரைக்கும் அவன் இல்லை, புரியுதா? அவன் புல்!"

"கை தானா போகுது கோச்."

"கையை வெட்டிப் போடு!"

அந்த வாரம் முழுக்க ஒரே பயிற்சி. மணல் மூட்டைக்கு அணிச் சட்டை மாட்டிக் காலடியில் போட்டு, அதைத் தாண்டிப் போய் மோதச் சொன்னார். பதினேழு வருஷம் கரி வெட்டிய ஆம்பளைகள் மணல் மூட்டை முன்னால் வந்து நின்றுகொண்டு கல்யாணப் பெண் மாதிரி தயங்கினார்கள். எவால்ட் தாண்டினாலும் கை கீழே ஒரு தடவை போய்த்தான் வந்தது. பக்கத்தில் தியோஃபில் மூட்டையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

மேப்ரிக்குப் பதிலாக க்ஸாவெரி என்ற கல்லூரிக்காரன் எறிய வந்தான். ஒல்லிக்குச்சி. முதல் நாளே வந்து ஐந்து தடியன்களுக்கும் கை கொடுத்து, "அண்ணன்மாரே, எங்க அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எவால்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் இரண்டைப் போலவே அப்புறம் வந்ததெல்லாமும் தோல்விதான். வியன்னா பக்கத்தில் நாற்பத்தெட்டுக்கு மூன்று. பிராக் பக்கத்தில் ஐம்பத்தைந்துக்கு ஏழு. மைதானத்தில் எங்கள் ஆட்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். எவால்டின் இடது மோதிர விரல் பின்பக்கமாக மடங்கியது, அவனே இழுத்து நேராக்கினான். தியோஃபிலின் காது பாதி கிழிந்து தொங்கியது. ஹோட்டல் அறையில் பதினாலு தையல் போட்டார்கள். கொட்டகை மாதிரி ஒரு பேருந்தில் பதினாறு மணி நேரம் பயணம், ஐஸ் பை ஒழுகி எல்லோரும் நனைந்து. எங்கள் ஊர் ஜனம் அதற்கும் மைதானத்துக்கு வந்து ரத்த சாசேஜைக் கடித்துக்கொண்டு கத்தியது. "டேய் எவால்ட், இடி விழுந்தவனே! குதிரையை அடிச்ச குடும்பம்தானே நீ, ஒரு ஜெர்மன்காரனை அடிக்க முடியலையா?"

ஏழாவது மேட்ச்சில், ஜெர்மன் ஊரான செம்னிட்ஸில்தான் அந்த நோவாக்கைச் சந்தித்தார்கள். ரூடிகர் நோவாக். தியோஃபிலுக்கு நேர் எதிரே நிற்பவன், நூற்று நாற்பது கிலோ. முதல் மோதலிலேயே தியோஃபிலின் தாடைத் தழும்பு அவன் கண்ணில் பட்டுவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும், நடுவர் பார்க்காத பக்கமாக, உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தலைக்கவசக் கம்பிக்குக் கீழே செருகி, மோவாயில் ஏற்றினான். ஆட்டம் முடிந்தபோது தியோஃபிலின் முகம் ஒரு பக்கம் பூசணியாக வீங்கி, வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் கயிறாகத் தொங்கியது.

பேருந்தில் எவால்ட் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அந்தத் தகட்டை வைக்க வழி செய்தது எந்தக் கை என்று அவனுக்குத் தெரியாதா? நோவாக்குக்குப் பாதை போட்டுக் கொடுத்தவன் அவன்தான். 

பதினொரு மேட்ச்சும் தோற்று, செப்டம்பர் மழையில் கடைசி மேட்ச், சொந்த ஊரில், அதே செம்னிட்ஸோடு. அன்று காலை உர்ஷுலா சட்டை மாற்றிக்கொண்டு நின்றாள். அதுவரை ஒரு மேட்ச்சுக்கும் வராதவள்.

"நானும் வர்றேன்."

"மழை பெய்யுது. நாங்க தோக்குறதை டிவியில பாரேன்."

"நீ அடிக்கிறதைப் பாக்க நான் வரல எவால்ட். நீ நிறுத்துறதைப் பாக்கணும். அந்த ஜெர்மன்காரன் எங்கண்ணனை என்ன பண்ணினான்னு ஊரே சொல்லுது. நீ இன்னிக்கு எந்த யோசனையோட எந்திரிச்சேன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது நிஜம். காலையிலிருந்து வலது கை உள்ளங்கையில் அரித்துக்கொண்டே இருந்தது.

அன்று எங்கள் ஆட்கள் என்ன சாப்பிட்டார்களோ, தோற்க மறுத்தார்கள். மைதானம் சேறாகி ஓட்டம் எல்லாம் நின்றுபோனது, மோதல் மட்டுமே மிச்சம். அது எங்களுக்குத் தெரிந்த வேலை. சேற்றில் முட்டிபோட்டு ஊர்ந்து, உடம்பால் தள்ளிப் பழகியவர்கள்தானே. எவால்டின் புருவம் கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. அதை மழை கழுவியது. நோவாக் திரும்பவும் தாடையைத் தேடினான்.

"ஏய் இரும்புத் தாடை! இன்னும் ஒரு தகடு வாங்கி வச்சிருக்கியா?" ஜெர்மனில் கேட்டான். எங்கள் ஊரில் ஜெர்மன் புரியாத கிழவியே கிடையாது. எவால்டுக்குப் புரியாமல் என்ன?

எவால்ட் ஒவ்வொரு தடவையும் விசில் வரைக்கும் நோவாக்கின் விலாவைத் தேடி அடித்தான். விசில் வந்ததும் கையைக் கவசத்துக்குள் செருகிக்கொண்டான். மேலே இருக்கையில் உர்ஷுலாவின் மஞ்சள் குடை நகராமல் நின்றது.

இன்னும் ஒன்றரை நிமிஷம். செம்னிட்ஸ் இருபது, நாங்கள் பதினேழு. பந்து நடு மைதானத்தில். தியோஃபில் தொடையில் ஒரு தட்டு தட்டினான். நில். எறியப் போகிறார்கள்.

பந்து பின்னால் போனது. எவால்டுக்கு எதிரே நின்றவன் மோதாமல் பின்வாங்கினான், எவால்டின் கை காலியானது. அதே நொடி நோவாக் முன்னங்கையை வீசித் தியோஃபிலின் தாடைக்குக் கீழே கொடுத்தான். தியோஃபில் வெட்டுண்ட மரமாக மல்லாந்து எவால்டின் காலடியில் விழுந்தான். நோவாக்குக்கு வழி திறந்தது. வழியின் முடிவில் அந்த ஒல்லிக்குச்சி க்ஸாவெரி, அம்மாவுக்கு ஒரே பிள்ளை.

எவால்டின் இரண்டு கையும் கீழே கிளம்பின. கிளம்பியதைப் பார்த்தவர்கள் உண்டு. மேப்ரியின் வெள்ளை எலும்பு அவனுக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டு, தன் மச்சானின் நெஞ்சைத் தாண்டிக் காலை வைத்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவை. தாண்டிய வேகத்தில் நோவாக்கின் பக்கவாட்டில் போய் விழுந்த மோதலில் நோவாக்கின் தலைக்கவசம் கழன்று சேற்றில் உருண்டது. க்ஸாவெரி எறிந்துவிட்டான். நாற்பது கஜம் தள்ளி எங்கள் ஆள் பிடித்தான். எல்லைக் கோட்டுக்குப் பத்து கஜம்தான் பாக்கி, அதைத் தாண்டினால் ஜெயம். விசில்.

மைதானம் கூத்தாடியது. நோவாக் எழுந்தான். வழி மாறிப் போயிருக்கலாம். போகவில்லை. மல்லாந்து கிடந்த தியோஃபிலிடம் வந்து, ஆணிக் காலணியால் தாடையில் ஓர் உதை உதைத்தான். தகடு விட்டுப்போன சத்தம் எவால்டுக்குக் கேட்டது. குழம்புக் கிண்ணத்தில் பல் விழுந்தபோது கேட்ட அதே சத்தம்.

நோவாக் கவசம் இல்லாத முகத்தோடு இரண்டு எட்டு தூரத்தில் நின்றான். மூக்கும் வாயும் மழையில் நனைந்து தட்டில் வைத்த மாதிரி. எவால்டின் வலது கை பின்னால் போய்விட்டது. தோள் திருகியது. தாத்தா குதிரையை அடித்த கை, அப்பா அக்னெஸை அடித்த கை. பின்னால் போன பியேஹா கை எதுவும் அடிக்காமல் முன்னால் வந்ததில்லை.

ஒரு எட்டு வைத்தான். இரண்டாவது எட்டுக்குக் காலைத் தூக்கினான். கீழே தியோஃபில் கிடந்தான்.

நோவாக்கை அடிக்க வேண்டுமானால் அவனைத் தாண்ட வேண்டும். சற்று முன்னால் ஒரு தடவை தாண்டியாகிவிட்டது, அதற்கே உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை கால் வரவில்லை. தூக்கிய கால் அந்தரத்தில் நின்று, திரும்பி வந்து, சேற்றில் ஊன்றியது. பிறகு இடுப்பு தானாகக் குனிந்தது. இரண்டு கையும், அந்த வலது கையும்தான், தியோஃபிலின் அக்குளுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டன.

குனிந்த முதுகில் நோவாக் விழுந்தான். முட்டியால் பிடரியில், முழங்காலால் விலாவில், காலால் இடுப்பில். எங்கள் ஆட்கள் ஓடி வந்து பிரிக்கிறதுக்குள் ஏழோ எட்டோ அடி. இரண்டாவது அடியிலேயே விலா எலும்பு போனது எவால்டுக்குத் தெரிந்தது. அவன் நிமிரவில்லை. கூரையைத் தாங்க வைத்த முட்டுக்கட்டை மாதிரி மச்சான்மேல் கவிந்து நின்றான். அடி எல்லாம் அவன்மேல் விழுந்தது, ஒன்றும் கீழே போகவில்லை. வாயிலிருந்து வழிந்த ரத்தம் மட்டும் தியோஃபிலின் சட்டையில் சொட்டியது.

அப்போது தியோஃபிலின் விரல் முட்டி எவால்டின் முன்னங்கையில் தட்டியது. நாலு தடவை. மனுஷன் இருக்கிறான், மெதுவாக.

"சரி மச்சான்" என்றான் எவால்ட். இரண்டு வருஷம் நாலு மாசத்தில் அதுதான் முதல் வார்த்தை. மெதுவாகத் தூக்கினான்.

நோவாக்கை வெளியே அனுப்பினார்கள். அவன் செய்ததற்குத் தண்டனையாகப் பந்தை எல்லைக் கோட்டுக்கு ஐந்து கஜம் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். ஐந்து கஜம், ஒரு நிமிஷம். ஆனால் நடுவில் நிற்கத் தியோஃபில் இல்லை. புதிதாக நின்றவன் பதற்றத்தில் பந்தை க்ஸாவெரியின் தலைக்கு மேல் விட்டெறிந்தான். சேற்றில் இருபது கஜம் உருண்ட பந்தின்மேல் ஒரு செம்னிட்ஸ்காரன் படுத்துக்கொண்டான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் தோல்வி. கோச் தொப்பியைத் தரையில் அடிக்கவில்லை, பிழிந்து தலையில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் உர்ஷுலா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வாயைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். புருஷனுக்கு நாலு விலா. ஹலினா அம்மாவும் நனைந்த கோட்டோடு வந்தார்.

"மிஸ்டர் பியேஹா, உங்க கை ஒரு தடவை பின்னால போனதை நான் பாத்தேன்."

"போச்சுங்க."

"ஃபைல்ல அதை எழுதுறதுக்குக் கட்டம் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

எவால்ட் எழுந்து உட்காரப் பார்த்தான். மச்சான் பக்கம் திரும்பி, அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த உடுப்பு, என்று என்னவோ தொடங்கினான். தியோஃபில் கட்டில் கம்பியில் மூன்று தடவை தட்டினான்.

"என்ன சொல்றான்?" என்று உர்ஷுலா கேட்டாள்.

"கீழே போங்கிறான். படுடா, பேசாதேங்கிறான்."

அவள் சிரித்தாளா என்று எவால்ட் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"எவால்ட், அந்தக் கதவை மாத்திடலாம்."

"விலா சேரட்டும்."

"நீ தனியாத் தூக்க வேண்டாம்."

நவம்பரில்தான் கதவு வந்தது, நல்ல ஓக் மரம், கனம். எங்கள் செங்கல் குடியிருப்பின் படிக்கட்டு குறுகல், மூன்று மாடி. எவால்ட் மேல் பக்கம் பிடித்து முதுகைக் காட்டி ஏறினான். கீழ்ப்பக்கம் தியோஃபில், வாயில் இன்னும் கம்பிக் கட்டு. அக்கம்பக்கத்து ஜனம் எல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

தியோஃபில் பலகையில் இரண்டு தட்டினான். ஏறினார்கள். முதல் மாடி, இரண்டாம் மாடி. மூன்றாவது திருப்பத்தில் கதவின் மூலை கைப்பிடிச் சுவரில் இடித்தது. எவால்டுக்கு விலா சுளீரென்றது, முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கதவை ஓங்கிச் சுவரோடு தள்ளிவிடத் தோள் திருகியது. மேலே வாசலில் உர்ஷுலா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பலகையில் ஒரே ஒரு தட்டு.

எவால்ட் நின்றான்.